நங்கூரத்தின் மேல் ஒரு குடித்தனம்: ஓய்வுபெற்ற தம்பதியின் படகு வாழ்க்கை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கணவர் பென்சில்வேனியாவில் உயர்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்தவர். பிள்ளைகள் தனித்தனிக் குடும்பமான பின் வீட்டை விற்றார்கள். தட்டுமுட்டுச் சாமான்களைக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, 1980களில் கட்டிய 38 அடிக் கண்ணாடியிழைப் பாய்மரப் படகு ஒன்றில் குடியேறினார்கள். அவர்கள் பெயரையும் படகின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஆசிரியர், செவிலியர் என்றே குறிப்பிடுகிறேன். கோடையில் அந்தப் படகு அமெரிக்கக் கிழக்குக் கரையின் செசபீக் விரிகுடாவில் நான் வசிக்கும் ஊரின் துறையில் கட்டப்பட்டிருக்கும். பழக்கம் அப்படி வந்தது. பஹாமாஸில் அவர்களோடு தங்கியும் பார்த்திருக்கிறேன். அவர்கள் எழுதிவரும் பயணப் பதிவேடுகளைப் படிக்கவும் அனுமதித்தார்கள். இந்த ஆய்வின் பெரும்பகுதி அந்தப் பதிவேடுகளிலிருந்து வருகிறது.

இவர்களைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது புயலைப் பற்றியும் சுறாவைப் பற்றியும்தான். என் கேள்வி வேறு. எழுபதை நெருங்கும் இருவர், கூப்பிட்டால் ஓடிவர மூன்றாம் ஆள் இல்லாத இடத்தில் மாதக்கணக்காக வாழ்கிறார்கள். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் என்ன செய்வார்? பாய், நங்கூரம், பேட்டரி எல்லாம் இந்தக் கேள்விக்கு அப்புறம்தான் வருகின்றன.

வடக்கும் தெற்கும்

ஆண்டுச் சுழற்சியை அவர்களுக்கு வகுத்துக் கொடுப்பது வானிலையும் காப்பீட்டு நிறுவனமும். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்தக் காலத்தில் குறிப்பிட்ட அட்சரேகைக்குத் தெற்கே படகு இருந்தால் சேதத்துக்கு ஈடு கிடையாது என்று பல காப்பீட்டுப் பத்திரங்கள் சொல்கின்றன. ஆகவே கோடை முழுதும் செசபீக்; அக்டோபரில் கிளம்பித் தெற்கே; குளிர்காலம் பஹாமாஸில்; ஏப்ரல், மே மாதங்களில் மறுபடி வடக்கே. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான படகுகள் இதே வழியில் போய் வருகின்றன. அவற்றில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற தம்பதிகள்தாம்.

வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் தொடங்கி மயாமி வரை ஏறத்தாழ 1,090 மைல் தூரத்துக்குக் கரையோரமாகவே உள்நீர்வழி ஒன்று இருக்கிறது. ஆறுகள், காயல்கள், வெட்டிய கால்வாய்கள் எல்லாம் கோத்த வழி. திறக்காத பாலங்கள் பெரும்பாலும் நீர்மட்டத்திலிருந்து 65 அடி உயரத்தில் நிற்கும். இவர்கள் படகின் பாய்மரம் 55 அடி, தப்பித்தது. இதைவிட உயரமான படகுகள் கடல் வழியாகத்தான் சுற்றிப் போகவேண்டும். வழியில் வரும் டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய் 1805இல் திறக்கப்பட்டது. அடிமைகளை வைத்துச் சதுப்புக்காட்டுக்குள் வெட்டியது. மரப்பட்டைச் சாறு ஊறிய அந்தத் தண்ணீர் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இருக்கும். அந்த வழியாக வந்த வெள்ளைப் படகுகளின் முகப்பில் பழுப்பாக ஒரு மீசை ஒட்டியிருக்கும். ஆசிரியர் அதைத் துடைக்க மாட்டார். செவிலியர் ஃபுளோரிடா வருவதற்குள் துடைத்துவிடுவார்.

ஜார்ஜியாவில் வேறு சிக்கல். ஓதம் ஏழு முதல் ஒன்பது அடி வரை ஏறி இறங்கும். காலையில் போதுமான ஆழம் இருந்த இடத்தில் மதியம் தரைதட்டும். படகின் அடிப்பகுதி நீருக்குள் ஐந்தடி இறங்கியிருக்கிறது என்பதை அந்த மாநிலத்தில் ஒரு நிமிடமும் மறக்க முடியாது.

ஃபுளோரிடாவுக்கும் பஹாமாஸின் பிமினி தீவுக்கும் இடையே உள்ள கடல் ஐம்பது கடல் மைல்தான். ஆனால் நடுவே வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி மணிக்கு மூன்று கடல் மைல் வேகத்தில் ஓடுகிறது. அதற்கு எதிராக வாடைக்காற்று வீசினால் அலைகள் செங்குத்தாக எழும்பும். காற்றில் வடக்குச் சாடை இருந்தால் கிளம்புவதில்லை என்பது எல்லோரும் மதிக்கும் விதி. பிஸ்கேன் விரிகுடாவில் வாரக்கணக்கில் காத்திருந்த ஆண்டுகள் பதிவேட்டில் உண்டு. அந்தப் பக்கங்களில் காற்றின் திசையும் மளிகைப் பட்டியலும்தான் இருக்கின்றன. நள்ளிரவில் கிளம்பினால் வெயில் ஏறிய பிறகு பஹாமாஸின் ஆழமற்ற கடல்திட்டுக்கு வந்துசேரலாம். சூரியன் தலைக்கு மேல் இருந்தால்தான் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து ஆழம் சொல்ல முடியும். கருநீலம் ஆழம், பச்சைநீலம் போதும், வெளுத்திருந்தால் மணல்மேடு, கறுத்த திட்டு பவளப்பாறையாகவோ கடற்புல்லாகவோ இருக்கலாம். எது என்று நெருங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வது புத்திசாலித்தனம் இல்லை.

மின்சாரமும் தண்ணீரும்

படகில் முன்னால் ஒரு படுக்கை அறை. நடுவே சமையலிடமும் மேஜையும். ஒரு கழிப்பறை. பின்னால் சாமான் அடைத்த இன்னொரு குட்டி அறை. வெளியே திறந்த காக்பிட். சுக்கான் சக்கரம் அங்கேதான். மொத்த வாழ்விடமும் நம் ஊர் ஒற்றைப் படுக்கையறைக் குடியிருப்பின் வரவேற்பறைக்கு மேல் போகாது. இதில் எது எங்கே இருக்கிறது என்று செவிலியர் வரைந்த படம் ஒன்று கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. இருக்கைக்கு அடியில் இருக்கும் அரிசியிலிருந்து தரைப்பலகைக்குக் கீழே இருக்கும் மாற்று இம்பெல்லர் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்பம்பின் சுழலி) வரை எல்லாம் அதில் உண்டு.

அன்றாடத்தின் முதல் வேலை பேட்டரியைப் பார்ப்பது. காலையில் எழுந்ததும், காபிக்கு முன், யார் முதலில் எழுந்தாரோ அவர் பேட்டரி அளவை ஒரு தாளில் எழுதுகிறார்; நோயாளியின் படுக்கைக் காலடியில் தொங்கும் நாடித்துடிப்பு அட்டை மாதிரி. வரைபடம் சரிகிறதா நிமிர்கிறதா என்பதுதான் முக்கியம், ஒருநாள் எண் அல்ல என்கிறார் செவிலியர். முதலில் ஈய அமில பேட்டரிகள் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் ஆயுள் குறையும். இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட். ஐந்தில் நான்கு பங்கைத் தாராளமாக எடுக்கலாம். பின்பக்கச் சட்டத்தில் 400 வாட் சோலார் பலகைகள். நல்ல வெயில் நாளில் அவை 12 வோல்ட்டில் நூறு ஆம்பியர் மணிக்குச் சற்றே கூடுதலாகத் தரும்.

செலவுக் கணக்கில் பல ஆண்டுகள் முதலிடம் குளிர்பதனப் பெட்டிக்குத்தான்: நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது ஆம்பியர் மணி. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வந்ததும் அந்த இடம் போய்விட்டது. ஐம்பது வாட் இழுக்கும் அந்தத் தட்டை இருபத்துநான்கு மணி நேரமும் ஓடவிட்டால் நூறு ஆம்பியர் மணி, அதாவது ஒருநாள் வெயில் முழுவதும், அதற்கே போய்விடும். காலையில் வானிலைக்கு ஒரு மணி நேரம், மாலையில் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். ஆசிரியர் மாலை நேரத்தில் செய்தி படிக்கிறேன் என்று நீட்டுவார். அந்த நீட்டிப்பும் தாளில் ஏறும், காரணத்தோடு.

தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். அமெரிக்க வீடுகளில் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 லிட்டர் செலவிடுகிறார். இங்கே இருவருக்கும் சேர்த்து 25, 30 லிட்டர். பாத்திரம் முதலில் கடல்நீரில் தேய்க்கப்படும். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். குளியல் படகின் பின்புற ஏணியில்: கடலில் ஒரு முக்கு, சோப்பு, மறுபடி ஒரு முக்கு, பின் கைத்தெளிப்பானால் நல்ல தண்ணீர். இந்தக் கடைசிப் படியைத் தவிர்க்க முடியாது. உடம்பில் உப்பு தங்கினால் அது படுக்கை விரிப்புக்குப் போகும். உப்பேறிய துணி காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு எந்த வெயிலிலும் முழுதாகக் காயாது.

கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி ஒன்று இருக்கிறது. மணிக்கு 25 லிட்டர் தரும். பத்து ஆம்பியர் இழுக்கும். கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் சவ்வின் வழியே தள்ளுவதுதான் அதன் வேலை. அந்தச் சவ்வு ரொம்பவும் தொட்டாற்சுருங்கி. எண்ணெய் பட்டால் கெடும். குளோரின் பட்டால் கெடும். வாரக்கணக்கில் ஓட்டாமல் விட்டாலும் உள்ளே கிருமி வளர்ந்து கெடும். நூற்றுக்கணக்கான படகுகள் நிற்கும் துறையில் அதை ஓட்டுவது ஆபத்து. தெளிந்த தண்ணீருக்குப் போனால்தான் ஓட்டலாம். ஆக எங்கே நங்கூரமிடுவது என்பதைக்கூட அந்தச் சவ்வு சில நாட்களில் முடிவு செய்கிறது. ஓய்வுக்காலம் என்றால் எதையும் முடிவுசெய்யத் தேவையில்லாத காலம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த வாழ்க்கை ஆகாது. இங்கே காலை முதல் இரவு வரை சின்னச் சின்ன முடிவுகள்தாம்.

சமையல் புரொபேன் வாயுவில். அது காற்றைவிடக் கனமானது; கசிந்தால் படகின் அடித்தொட்டியில் போய்த் தேங்கும். அதனால் சிலிண்டர் தனிப் பெட்டியில், அடியில் கடலுக்குத் திறக்கும் துளையோடு இருக்கிறது. சமைத்து முடித்ததும் சுவிட்சை அணைத்தால் சிலிண்டர் வாயிலேயே வாயு நிற்கும். நான் வாங்கிக் கொடுத்த பிரஷர் குக்கர் அவர்களிடம் நன்றாக உழைக்கிறது. வாயு மிச்சம் என்பது ஒருபுறம். படகு உருளும்போது மூடி பூட்டிய பாத்திரம் கொட்டாது என்பதுதான் பெரிது. பருப்பு வேகவைக்கக் கற்றுக்கொண்டார்கள். தாளிப்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

கழிப்பறையைப் பற்றி இரண்டு வரி. கைப்பம்பு அடித்துக் கடல்நீரால் கழுவும் அமைப்பு. கடல்நீரும் சிறுநீரும் கலந்தால் குழாய்க்குள் சுண்ணாம்புப் படிவம் பாறையாகக் கட்டும். வினிகர் ஊற்றித் தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது. குழாயைக் கழற்றும் நாள் வரும்போது வேறு பேச்சு இருக்காது.

யார் எதைச் செய்வது

பெரும்பாலான தம்பதிப் படகுகளில் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். நங்கூரமிடும்போது சுக்கான் சக்கரத்தின் பின்னே கணவர் நிற்பார். முகப்பில் சங்கிலியோடு மல்லுக்கட்டுவது மனைவியாக இருக்கும். பலம் வேண்டிய இடத்தில் பலம் குறைந்தவர். விரல் நுனியால் செய்யும் வேலையில் பலசாலி. காற்றிலும் இன்ஜின் சத்தத்திலும் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமல் கத்தத் தொடங்குவார்கள். துறையில் நிற்கும் மற்றப் படகுக்காரர்களுக்கு அதுதான் மாலைப் பொழுதுபோக்கு.

இவர்களும் முதல் ஆண்டு அப்படித்தான் இருந்தார்கள். இன்ஜின், மின்சாரம், வழிகாணல் எல்லாம் ஆசிரியர் கையில். அவர் நல்ல ஆசிரியர்தான். ஆனால் தன் படகைப் பற்றித் தெரிந்ததை எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை, எல்லாம் தலைக்குள். வட கரோலினாவில் அலிகேட்டர் ஆற்றில் நங்கூரமிட்டிருந்த ஒரு இரவு அவருக்குக் கடும் காய்ச்சலும் வாந்தியும். காலையில் ஊர் இருக்கும் கரைக்குப் படகைக் கொண்டுபோக வேண்டும். செவிலியர் இன்ஜினைக் கிளப்பினார். சில நிமிடங்களில் வெப்ப எச்சரிக்கை அலறியது. அணைத்துவிட்டுக் கையேட்டைப் புரட்டி உட்கார்ந்தார். குளிர்விக்கும் கடல்நீர் உள்ளே வரும் வால்வை ஆசிரியர் இரவில் மூடியிருந்தார். காலையில் திறப்பது அவர் பழக்கம். அது அவருக்கு மட்டும் தெரிந்த பழக்கம். வால்வு இருப்பது மாடிப்படியின் பின்பலகைக்கு உள்ளே. கண்டுபிடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் நீரில்லாமல் சுழன்ற இம்பெல்லரின் ரப்பர் இறகுகள் பிய்ந்திருந்தன.

அந்தச் சம்பவம் பற்றிச் செவிலியருக்கு இன்றும் கோபம் தணியவில்லை. காய்ச்சல் யாருக்கும் வரும். ஒரு ஆளுக்கு மட்டும் தெரிந்த கருவி என்று ஒன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கவே கூடாது என்பது அவர் முப்பது ஆண்டுகளாகப் பழகிய நியமம். அதைப் படகுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வால்வுக்கும் எண்ணும் பெயரும் எழுதிய அட்டை. ஒவ்வொரு வேலைக்கும் வரிசைப் பட்டியல். கூடவே, ஆசிரியர் முதலில் முறைத்து எதிர்த்த ஏற்பாடு ஒன்று: ஒற்றைப்படைத் தேதிகளில் ஆசிரியர் படகை நடத்துவார், இரட்டைப்படைத் தேதிகளில் செவிலியர். நடத்துவது என்றால் சுக்கான் பிடிப்பது மட்டும் இல்லை. கிளம்புவதா வேண்டாமா, எங்கே நங்கூரமிடுவது, எவ்வளவு சங்கிலி விடுவது என்று எல்லாம் அன்றைக்கு அவர் முடிவு. மற்றவர் உதவியாளர். மாத முடிவில் 31ஐத் தொடர்ந்து 1 வருவதால் ஆசிரியருக்கு இரண்டு நாள் சேர்ந்து கிடைக்கிறது என்று செவிலியர் கணக்குப் பார்த்து, 31ஆம் தேதிகளை விவாதத்துக்குரியவை என அறிவித்திருக்கிறார். கழிப்பறைக் குழாய்க்கும் இந்த முறைமாற்றம் பொருந்தும்.

இரவுப் பயணத்தில் காவல் மாறும்போது மருத்துவமனை முறையில் பொறுப்பு ஒப்படைப்பு நடக்கும். இப்போது எங்கே இருக்கிறோம், இதுவரை என்ன நடந்தது, கண்ணில் படும் கப்பல்கள் எவை, எனக்கு எது கவலை தருகிறது என்று வரிசை மாறாமல் சொல்லவேண்டும். தூக்கக் கலக்கத்தில் எழுந்தவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். வளைகுடா நீரோட்டத்தைக் கடந்த இரவு ஒன்றில் இதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கவலை எதுவும் இல்லை என்று ஆசிரியர் சொன்னதைச் செவிலியர் ஏற்கவில்லை. கவலை இல்லாத காவல் கிடையாது, யோசித்துச் சொல்லுங்கள் என்று நின்றார். யோசித்ததில் வடக்கே மின்னல் தெரிந்ததை ஆசிரியர் சொன்னார்.

இதில் காதல் வாழ்க்கைக்கு எங்கே இடம் என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாள் முழுதும் வேலைக்குப் போய் மாலையில் சந்தித்த இருவர் திடீரென்று 38 அடிக்குள் இரவும் பகலும் அடைபடுகிறார்கள். முரண்டு வரும். அப்போது ஒருவர் டிங்கி எனப்படும் சிறு ரப்பர் படகை எடுத்துக்கொண்டு கரைக்குப் போவார். போகிறவர் கையில் வாக்கி டாக்கி இருக்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

மார்ச் மாதத்து முன்னணி

பஹாமாஸில் குளிர்காலத்துக் காற்று பொதுவாகக் கிழக்கிலிருந்து வரும். வட அமெரிக்காவிலிருந்து குளிர்முன்னணி, அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, இறங்கும்போது அது கடிகார முள் திசையில் சுற்றும்: தென்கிழக்கு, தெற்கு, தென்மேற்கு, மேற்கு, பின் ஒரு சூறை, அப்புறம் வாடை. எக்ஸுமா தீவுக்கூட்டத்தின் ஜார்ஜ் டவுன் துறையில் இந்தச் சுற்றல் பெரிய விஷயம். ஊர் இருக்கும் பெரிய எக்ஸுமா தீவுக்கும் ஸ்டாக்கிங் தீவுக்கும் நடுவே ஒரு மைல் அகலத்தில் நீண்டு கிடக்கிறது எலிசபெத் துறை. கிழக்குக் காற்றுக்கு ஸ்டாக்கிங் தீவு நல்ல மறைப்பு. படகுகளில் பெரும்பாலானவை அந்தக் கரையோரம்தான் நிற்கும். காற்று மேற்காகிவிட்டால் அதே கரை பின்னால் வந்து நின்று பயமுறுத்தும். நங்கூரம் பிடி விட்டால் நேரே மணலில்தான் போய் ஏறவேண்டும்.

அந்த ஆண்டு முன்னணி வருவதற்கு இரண்டு நாள் முன் ஆசிரியர், தண்ணீர் கேனோடு டிங்கியிலிருந்து படகின் ஏணிக்குத் தாவும்போது வழுக்கி, டிங்கியின் விளிம்பில் விழுந்தார். விலா எலும்பில் விரிசல். இதற்குக் கட்டும் கிடையாது, வைத்தியமும் கிடையாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆறு வாரம் பொறுக்கவேண்டும். கையைத் தூக்க முடியாது, இழுக்க முடியாது, இருமக்கூட யோசிப்பார்.

காலை எட்டு மணிக்கு அந்தத் துறையில் எல்லாப் படகுகளும் வி.எச்.எஃப். ரேடியோவில் கூடும். வானிலை, யாருக்கு என்ன உதிரிப்பாகம் வேண்டும், யார் ஊருக்குப் போய்வருகிறார்கள், கடற்கரையில் மாலை என்ன விளையாட்டு என்று ஒரு கிராமத்துச் சாவடியின் பேச்சு எல்லாம் அதில் நடக்கும். முன்னணி பற்றிய எச்சரிக்கை அதில் வந்தது. செவிலியர் அன்று மதியமே நங்கூரத்தைத் தூக்கி, துறையைக் குறுக்கே கடந்து ஊர்ப் பக்கம் போய் இடம் பிடித்தார். ஆழம் மூன்று மீட்டர். முகப்பின் உயரம் ஒன்றரை. நாலரையை ஏழால் பெருக்கி, முப்பத்தியிரண்டு மீட்டர் சங்கிலி. பின் இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டி நங்கூரத்தை மணலில் புதைத்தார். முகமூடி மாட்டிக்கொண்டு நீந்திப்போய், கலப்பை நுனி முழுதும் மணலுக்குள் போய்விட்டதா என்று கண்ணால் பார்த்தார். உதவிக்கு வருகிறோம் என்று இரண்டு படகுக்காரர்கள் ரேடியோவில் சொன்னார்கள். நன்றி சொல்லி வேண்டாம் என்றார். தேதி ஒற்றைப்படை என்றும் அன்றைய நாள் கைமாறியது என்றும் பதிவேட்டில் குறிப்பு இருக்கிறது.

சூறை வந்தது இரவு இரண்டு மணிக்கு. மேற்கிலிருந்து நாற்பது நாட் (மணிக்கு நாற்பது கடல் மைல்) காற்று, கூடவே மழை. காற்று வரும் பக்கத்தில் நின்ற ஒரு படகு நங்கூரம் பிடுங்கி இவர்களை நோக்கிச் சரிந்து வரத் தொடங்கியது. அதற்குள் இருந்தவர்கள் தூக்கத்தில். ஆசிரியர் உள்ளே மேஜையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ரேடியோவில் அந்தப் படகைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். செவிலியர் இன்ஜினைக் கிளப்பினார். வால்வு திறந்திருக்கிறது என்று அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளப்பினாராம். காற்று ஊதலை விடாமல் அடித்து, அவர்கள் ஜன்னலில் விளக்கைப் பாய்ச்சினார். சுக்கானை ஒருபக்கம் முழுதும் ஒடித்து, இன்ஜினை மெல்ல முன்னோக்கிக் கொடுக்க, படகு தன் சங்கிலியிலேயே ஒருபுறம் ஒதுங்கியது. அந்தப் படகு மூன்று நான்கு மீட்டர் தள்ளி உரசாமல் போயிற்று. போகும்போது அதன் தளத்தில் விளக்கு எரிந்தது. பிறகு அது வேறிடத்தில் நங்கூரமிட்டு நின்றது.

பதிவேட்டில் இதெல்லாம் ஆறு வரி. ஏழாவது வரி, மழையில் நனைந்த மெத்தை எப்போது காயும் என்ற கவலை.

என் கணிப்பில், அந்த இரவு வென்றது துணிச்சலால் இல்லை. மூன்று மீட்டர் ஆழத்தில் எவ்வளவு சங்கிலி என்பதை செவிலியர் அன்று முதல்முறை யோசிக்கவில்லை. அதற்கு முன் இரட்டைப்படை நாள்களில் சலிப்பு வரும் அளவுக்குச் செய்திருந்தார். அதே துறையில் நான் பேசிப்பார்த்த பல மனைவியருக்கு நங்கூரம் தூக்கத் தெரியும், இன்ஜின் கிளப்பத் தெரியாது. சில கணவர்களுக்கு ரேடியோவில் பேசவே வராது, அது மனைவி வேலை. கணவர் படுத்துவிட்டால் உதவி கேட்பேன் என்பதுதான் அந்தப் பெண்கள் பலரின் திட்டம். நாற்பது நாட் காற்றில் இரவு இரண்டு மணிக்கு எல்லோருக்கும் அவரவர் படகே போதுமான வேலை.

உடம்பும் பணமும்

அமெரிக்காவில் 65 வயதுக்கு மேல் கிடைக்கும் மெடிகேர் காப்பீடு பொதுவாக நாட்டுக்கு வெளியே செல்லாது. பஹாமாஸில் இருக்கும் மாதங்களுக்குத் தனியே பயணக் காப்பீடும், விமானத்தில் ஊருக்குக் கொண்டுவரும் ஏற்பாடும் எடுக்கிறார்கள். ஆசிரியரின் ரத்த அழுத்த மாத்திரைகளைக் கிளம்புமுன் மொத்தமாக வாங்கிவைக்கிறார்கள். பல் வைத்தியம் செப்டம்பரில். கண் பரிசோதனையும் அப்போதே. நேவிகேஷன் திரையைப் படிக்க முடியாமல் போவது கடலில் பெரிய ஊனம்.

பணத்தைப் பொறுத்தவரை, படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுப் பராமரிப்புக்குப் போகும் என்று படகுக்காரர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு. பழைய படகுகளுக்கு இந்தக் கணக்கு ஏமாற்றும். படகின் விலை ஆண்டுதோறும் இறங்குகிறது. புதுப் பாயின் விலையும் இன்ஜின் பாகத்தின் விலையும் இறங்குவதில்லை. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது காப்பீட்டு நிறுவனம். 2017இல் இர்மா, 2019இல் அபாகோ தீவுகளைத் துடைத்தெடுத்த டோரியன் ஆகிய புயல்களுக்குப் பின் காப்பீட்டுக் கட்டணமும் கெடுபிடியும் ஏறிவிட்டன. அன்றாடச் செலவு குறைவுதான். 2025 நடுப்பகுதி வரை பஹாமாஸில் நங்கூரத்தில் நிற்க வாடகை இருந்ததில்லை, காற்றுக்குக் காசில்லை. ஆனால் ஜார்ஜ் டவுனில் தக்காளி பஹாமாஸ் தலைநகர் நாசோவிலிருந்து தபால் படகில் வருகிறது. அந்த விலைக்கு வாங்கும்போது யாரும் சும்மா வாங்குவதில்லை, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கிறார்கள்.

எப்போது நிறுத்துவது

நான் பார்த்த வரையில் இந்த வாழ்க்கையைப் பெரும்பாலும் முடித்துவைப்பது கடல் இல்லை. முழங்கால், கண், மறதி, ஊரில் பிறந்த பேரக்குழந்தை. இவற்றில் எதுவும் ஒரே நாளில் வருவதில்லை. அதனால் முடிவெடுப்பது தள்ளிப்போகும். ஒருவர் தயார், மற்றவர் தயாரில்லை என்று இழுக்கும் ஆண்டுகள்தாம் ஆபத்தானவை. ஏனென்றால் அந்த ஆண்டுகளில் படகை உண்மையில் ஒருவர்தான் நடத்துகிறார்.

இதற்கும் செவிலியர் ஒரு சோதனை வைத்திருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில், தெற்கே கிளம்புமுன், இருவரும் தனித்தனியே மூன்று காரியம் செய்து காட்டவேண்டும். உடையோடு தண்ணீரில் குதித்து, யார் உதவியும் இல்லாமல் பின்புற ஏணி வழியே மேலே ஏறுவது. தனியாக நங்கூரத்தைத் தூக்கி, படகை நகர்த்தி, மறுபடி நங்கூரமிடுவது. அட்டைகளைப் பார்க்காமல் ஒவ்வொரு வால்வும் எங்கே என்று சொல்வது. மூன்றில் ஒன்றில் ஒருவர் தோற்றாலும் அந்த ஆண்டு பயணம் இல்லை. வசந்தத்தில் படகை விற்பனைக்குப் போடவேண்டும். ஓய்வுபெற்ற படகுக்காரர்கள் பலரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். தாங்கள் செய்யப்போவதாக யாரும் சொல்லவில்லை.

கடந்த அக்டோபரில் செவிலியர் மூன்றிலும் தேறினார். ஆசிரியர் நங்கூரத்திலும் வால்வுகளிலும் தேறினார். ஏணியில் முதல் முயற்சியில் ஏற முடியவில்லை; முழங்காலை அவ்வளவு உயரம் மடக்க வரவில்லை. மறுநாள் துறையிலிருந்த பட்டறையில் ஏணியின் அடியில் நீருக்குள் இறங்கும்படி ஒரு படி கூட்டிப் பற்றவைத்துக்கொண்டு வந்து ஏறிக் காட்டினார். இது சோதனையை மாற்றியது ஆகாதா என்று செவிலியர் கேட்டார். விதியில் ஏணியின் நீளம் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றார் ஆசிரியர். அன்று இரட்டைப்படைத் தேதி, முடிவு செவிலியருடையது. அனுமதித்தார். பதிவேட்டின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் விதித்தாளில் ஏணிக்கு எத்தனை படி என்பதை அன்று மாலையே எழுதிச் சேர்த்து, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வாரக் கடைசியில் நார்ஃபோக்குக்குக் கிளம்பினார்கள்.